இரண்டு மணி நேரம்... நடுவில் ஒரு மலை!

தென் அமெரிக்கா மேப்பை எடுத்து மேஜை மேல் விரியுங்கள். வலது பக்கம் பியூனஸ் அயர்ஸ், அர்ஜென்டினாவின் தலைநகர். இடது பக்கம் சான்டியாகோ, சிலியின் தலைநகர். ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 1,140 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி சொச்சம்.

‘ப்பூ, இவ்வளவுதானா? ஒரு சினிமா பார்க்கிற நேரம்!’ என்பீர்கள்.

அவசரப்படாதீர்கள். முக்கால்வாசி தூரத்துக்குக் கீழே ஒரே புல்வெளி. சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை. தாராளமாகக் குறட்டை விடலாம். கடைசி அரை மணியில்தான் விஷயம் இருக்கிறது. ஆண்டீஸ் என்ற பெரியவர் குறுக்கே படுத்திருக்கிறார்!

மலை மட்டும் இருந்தால் பரவாயில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து ஒரு பேய்க்காற்று வீசுகிறது. அதனால் சான்டியாகோ போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தூரம் ஒன்றுதான், நேரம்தான் வேறு.

இந்தச் சின்ன வித்தியாசம் உயிரைக் குடித்திருக்கிறது. 1947 ஆகஸ்ட் 2. ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பியது. மாலை 5.41க்கு சான்டியாகோவுக்கு ஒரு தந்தி: ‘5.45க்கு வந்துவிடுவோம்.’ கடைசியில் ‘ஸ்டென்டெக்’ என்று புரியாத ஒரு வார்த்தை. கேட்டவர் ‘என்னய்யா அது?’ என்று குழம்பித் திரும்பக் கேட்டார். அதே வார்த்தை இன்னும் இரண்டு முறை வந்தது. அப்புறம் மௌனம். வேற்றுக் கிரகத்தார் கடத்திவிட்டார்கள் என்றுகூடக் கதை கட்டினார்கள்.

விடை 2000-ல் பனியிலிருந்து வந்தது. டுப்புன்காடோ மலையின் பனியாற்றில் விமானத்தின் துண்டுகள்! நிபுணர்கள் சொன்ன காரணம் இது: கீழே மேகம், எதிரே பேய்க்காற்று. அப்படி ஒரு காற்று இருப்பது அப்போது சரியாகத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து ‘மலையைத் தாண்டியாச்சு’ என்று கீழே இறங்கினார்கள். மலை இன்னும் முன்னால்தான் இருந்தது.

1972 அக்டோபர் 13-லும் இதே கதை. அர்ஜென்டினாவின் மென்டோசாவிலிருந்து சான்டியாகோ கிளம்பிய உருகுவே விமானப்படை விமானத்தில் ரக்பி டீமோடு சேர்த்து 45 பேர். அந்த விமானியும் தாண்டிவிட்டதாக நினைத்து இறங்கினார். பனியில் 72 நாள் போராடி உயிரோடு மீண்டவர்கள் 16 பேர்.

பயப்படாதீர்கள். இன்று ஜெட்கள் மலைக்கு மேலே நல்ல உயரத்தில் பறக்கின்றன. எங்கே இருக்கிறோம் என்பதை சாட்டிலைட் சொல்லிவிடும். ஆனாலும் காற்று மட்டும் பழைய காற்றுதான். விமானம் உதறும். பெல்ட்டைப் போடச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் போடுங்கள்.

போகிறவர்களுக்கு மூன்று யோசனைகள்:

ஒன்று, வலது பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் அகோன்காகுவா தெரியும். 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான மலை கிடையாது.

இரண்டு, டிக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் சிலி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கும். பத்து மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்கு இறங்கினால், விமானி வேகமாக ஓட்டினார் என்று அர்த்தமில்லை!

மூன்று, பையில் பழம் இருந்தால் விமானத்திலேயே தின்று தீர்த்துவிடுங்கள். பூச்சி வந்துவிடும் என்று சிலிக்காரர்களுக்கு பயம். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதம். ஆண்டீஸையே தாண்டி வந்தவர் ஒரு ஆப்பிளில் மாட்டலாமோ?