தலைமாட்டில் ஒரு சாட்சி

இரவில் கரண்ட் போய் வந்த வீடுகளில், தலைமாட்டு மேஜைமேல் இருக்கும் டிஜிட்டல் கடிகார ரேடியோ 12:00 என்று மினுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே பேட்டரி போடாத கருவி என்றால் இது தப்பாது. இதையே பெரிய குறையாகச் சொல்லிப் பலர் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். நானோ அந்த மினுக்கலைத்தான் அதன் முதல் நற்குணமாக எண்ணுகிறேன். மணி தனக்கு மறந்துபோயிற்று, யாராவது வந்து சொல்ல வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை. அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும்படி சொல்கிறது. சுவர்க் கடிகாரத்தில் செல் தீரும்போது நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். முள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று பின்தங்கும். பஸ்ஸைத் தவறவிட்ட பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரியவரும். தவறவே தவறாத கடிகாரம் என்று ஒன்று கிடையாது. தவறியதைக் காட்டிக்கொடுக்கும் கடிகாரமும், தவறைத் திருத்த வழி வைத்திருக்கும் கடிகாரமும்தான் நம்பிக்கைக்கு உரியவை. கடிகார ரேடியோவில் இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. முகப்பில் எண்ணிக்கொண்டிருக்கும் இலக்கங்கள் ஒன்று. வேறோர் இடத்தில் வேறொரு கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும் அறிவிப்பாளரின் குரல் இன்னொன்று. முதலாவது பிசகினால் இரண்டாவது சாட்சி. பாட்டோடு எழுப்பிவிடும் அலாரம் என்று மட்டுமே அதைப் பார்த்துப் பழகியதில் இந்த அருமை நம் கண்ணில் படாமலே போய்விட்டது.

அந்தச் சிவப்பு இலக்கங்கள் எதை எண்ணுகின்றன என்று தெரிந்தால் சாட்சி ஏன் தேவை என்பதும் விளங்கும். பிளக்கில் செருகும் பழைய கடிகார ரேடியோக்களில் பெரும்பாலானவை தமக்கென்று தனியாகக் காலம் வைத்துக்கொள்வதில்லை. நம் நாட்டில் சுவருக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. உள்ளே இருக்கும் சிப் ஐம்பது சுற்றை ஒரு விநாடி என்றும், மூவாயிரம் சுற்றை ஒரு நிமிடம் என்றும் கணக்கு வைத்துக்கொண்டு போகிறது. ஆக, மேஜைமேல் தெரியும் மணி உண்மையில் எங்கோ அனல்மின் நிலையங்களிலும் அணைக்கட்டுகளிலும் சுழலிகள் சுற்றும் கணக்கு. தேவை கூடிச் சுழலிகள் திணறினால் கடிகாரமும் பின்தங்கும். நாள் முழுக்க 49 ஹெர்ட்ஸிலேயே ஓடினால் கிட்டத்தட்ட 29 நிமிடம் காணாமல் போகும். தொண்ணூறுகளில் நம் மின்தொகுப்புகள் அந்த அளவுக்கும் கீழே இறங்கியது சாதாரணமாக நடந்தது. அப்போது தென்மாநிலங்களின் தொகுப்பு தனித் துடிப்போடு இயங்கியது. சென்னைக் கடிகாரமும் டெல்லிக் கடிகாரமும் வெவ்வேறு சுழற்சியை எண்ணிக்கொண்டிருந்தன. 2013 டிசம்பர் 31 அன்று தென் தொகுப்பு மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்ட பிறகுதான் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே துடிப்பு வந்தது. இப்போது 49.90 முதல் 50.05 வரை என்பது அனுமதித்த வரம்பு. அதன் அடிமட்டத்திலேயே ஒரு நாள் முழுக்க நின்றாலும் இழப்பு மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இது நம் ஊர் மின்சாரத்துக்கு மட்டும் உரிய கோளாறு என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை, செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே இருந்த தகராறில் தொகுப்புக்குச் சேர வேண்டிய மின்சாரம் குறைந்தது. ஐரோப்பாவின் சராசரி அலைவெண் 49.996 ஹெர்ட்ஸ் ஆயிற்று. குறைந்தது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அது வாரக்கணக்கில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போனதில், ஸ்பெயினிலிருந்து துருக்கிவரை 25 நாடுகளில் பிளக்கில் செருகிய அடுப்புக் கடிகாரங்களும் கடிகார ரேடியோக்களும் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கின. அடுப்புக் கடிகாரத்தை மட்டும் நம்பியவருக்கு அது சொல்லித் தெரிய வழியில்லை. கடிகார ரேடியோ வைத்திருந்தவருக்கு ஒரு காலைச் செய்தி போதும்: ஏழு மணிச் செய்தி தொடங்கும்போது முகப்பு இன்னும் 6:54-இல் நின்றால் எங்கோ கணக்கு உதைக்கிறது என்று படுக்கையிலிருந்தே தெரிந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த கருவிகளின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. துபாயிலும் குவைத்திலும் மின்சாரம் நம்மைப்போல 50 ஹெர்ட்ஸ்; சவூதி அரேபியாவில் 60. அறுபது சுற்றை ஒரு விநாடியாக எண்ணப் பழகிய கருவியை இங்கே செருகினால் அது மணிக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட அது போதும். ஆனால் கெட்டுப்போன கருவி இவ்வளவு ஒழுங்காகப் பின்தங்காது. ஏழு மணிச் செய்திக்கு முகப்பைச் சரியாக வைத்து, எட்டு மணிக்கு 7:50 காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். கோளாறு கருவியில் இல்லை, எண்ணும் கணக்கில்தான் என்று புரிந்துவிடும். பல மாடல்களில் அடிப்பக்கத்திலோ பேட்டரி மூடிக்குள்ளோ 50/60 என்று எழுதிய சின்ன சுவிட்ச் இருக்கும், தள்ளிவிட்டால் தீர்ந்தது. ஜப்பானுக்கென்று செய்தவை வேறு தொல்லை. அங்கே எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய மாடல்களில் 90-இலேயே முடிந்துவிடும். நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே இருப்பதால் சாட்சியே இல்லாத கடிகாரமாகிவிடும்.

ஆகவே பொருத்துவதிலும் ஒரு வரிசை உண்டு என்பது என் வாதம். கையேடுகள் முதலில் மணியை வைக்கச் சொல்கின்றன, ரேடியோவைப் பிறகு. நான் ரேடியோவை முதலில் என்பேன். பின்பக்கம் மெல்லிய ஒயர் ஒன்றைச் சுருட்டிக் கட்டி அனுப்பியிருப்பார்கள், அதுதான் எஃப்.எம். ஏரியல். அதைக் கட்டவிழ்த்து நீட்டாமல் ‘ஸ்டேஷன் எடுக்கவில்லை’ என்று குறைசொல்வது நியாயமில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் ஒயர் நீட்டி நின்றால் நன்றாக எடுக்கும். மத்திய அலைக்கு ஏரியல் உள்ளேயே ஒரு ஃபெரைட் குச்சியாக இருப்பதால் ஒயரைத் தொட்டுப் பயனில்லை, பெட்டியையே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் தள்ளி வைத்தால் இரைச்சல் பாதி அடங்கும். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. இன்று அங்கே அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4-இல் கிடைக்கிறது. நிலையம் தெளிவாக வந்த பிறகு, அறிவிப்பாளர் மணி சொல்லும்வரை காத்திருந்து முகப்பை வையுங்கள். டைம் பொத்தானை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் மணியையும் நிமிடத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும். நிமிடம் முன்னால் மட்டுமே போகும் கருவியில் அவசரத்தில் ஒன்று தாண்டிவிட்டால் மறுபடி 59 நிமிடமும் சுற்றித்தான் வர வேண்டும். அதைவிட முக்கியமானது, இலக்கங்களின் ஓரத்தில் கடுகளவு எரியும் அந்தப் புள்ளி. பல மாடல்களில் அது எரிந்தால் பிற்பகல். அலாரம் வைக்கும்போது அந்தப் புள்ளியைப் பார்க்காமல் 6:00 என்று மட்டும் பார்த்து விட்டால், அலாரம் மாலை ஆறு மணிக்கு ஆளில்லாத அறையில் பாடும். எளிய மாடல்களில் காலையில் ரேடியோ எந்தச் சத்தத்தில் எழும் என்பதை இரவு நீங்கள் குமிழை எங்கே விட்டீர்களோ அதுதான் முடிவு செய்கிறது. தூங்குவதற்காகக் குறைத்து வைத்ததை அப்படியே விட்டால் விடியலில் யாருக்கும் கேட்காது.

பேட்டரி போட்டால் மினுக்கலே வராதே, பிறகு இந்த வாதம் எதற்கு என்று கேட்கலாம். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. பழைய மாடல்களில் கரண்ட் போனதும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது மின்தொகுப்பின் துடிப்பு இல்லை. சிப்புக்குள் இருக்கும் ஒரு மலிவான அலையியற்றி. அதன் துல்லியம் குறைவு. இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு முகப்பு அமைதியாக ஒரு மணியைக் காட்டும், ஆனால் அது சில நிமிடம் முந்தியோ பிந்தியோ இருக்கக்கூடும். மினுக்கவும் செய்யாது. இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளிலும் இப்படித்தான்: இன்வெர்ட்டர் தானே உண்டாக்கும் ஐம்பதைத்தான் கடிகாரம் எண்ணுகிறது, சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர் என்றால் சிப் ஒரு சுற்றை இரண்டாக எண்ணிக் கடிகாரம் முன்னால் பாய்வதும் உண்டு. பேட்டரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலாரம் நேரம் அழியாமல் இருக்க அது அவசியம். பேட்டரி இருக்கிறதே என்று மறுநாள் காலைச் செய்தியோடு ஒத்துப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. புதிய மாடல்கள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துக்கொண்டு மின்தொகுப்பை நம்புவதையே விட்டுவிட்டன. அவற்றில் பிசகு மாதத்துக்குச் சில பத்து விநாடிதான். ஆனால் அதுவும் சேரும். ஒரு வருடத்தில் பஸ் போகிற அளவுக்குச் சேரும்.

பெரிய ஆட்சேபம் செல்போனிலிருந்து வருகிறது. அது தானே மணியைச் சரிசெய்துகொள்கிறது, விநாடி தவறுவதில்லை, அலாரமும் வைக்கிறது. பிறகு இந்தப் பெட்டி எதற்கு? துல்லியத்தில் செல்போனை வெல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை ஆறு மணிக்கு எழுவதற்கு அந்தத் துல்லியம் தேவையும் இல்லை. தவறினால் தெரியவர வேண்டும், அதுதான் தேவை. தானே சரிசெய்துகொள்ளும் கருவி தவறும்போது நமக்குச் சொல்வதில்லை. 2011 ஜனவரி 1, 2 ஆகிய இரண்டு நாட்களில், ஒரு முறைக்கென்று வைத்த அலாரங்கள் ஐபோன்களில் அடிக்கவே இல்லை. திரையில் மணி சரியாகத்தான் இருந்தது. கடிகார ரேடியோவிலும் இந்த ‘தானே செய்துகொள்ளும்’ ஆசை புகுந்தபோது இதேதான் நடந்தது. அமெரிக்காவில் கோடைக்கால நேரத்துக்குத் தானே மாறும்படி தேதிகளை உள்ளே எழுதி விற்ற மாடல்கள், 2007-இல் அரசு அந்தத் தேதிகளை மாற்றியதும் தப்பான ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தாவின. கையால் வைக்கும் பழைய பெட்டிகளுக்கு அந்த மாற்றத்தால் ஒரு தொல்லையும் வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலாரத்தை நிறுத்தக் கையில் எடுத்த செல்போன் அத்தோடு கீழே இறங்குவதில்லை. இரவு வந்த செய்திகள், அலுவலகக் குழுவின் சண்டை எல்லாம் கண் முழுதாகத் திறப்பதற்குள் வந்து சேர்ந்துவிடும். ரேடியோவில் வரும் குரல் நம்மைத் தனியாகக் கூப்பிடுவதில்லை, ஊருக்கே பேசுகிறது. பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லாமல் கேட்டுக்கொண்டே எழலாம்.

சாட்சியே பொய்த்தால் என்ன செய்வது என்ற கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கடினமாகப் படுகிறது. நிலையங்கள் இரவில் ஒலிபரப்பை மூடிய காலத்தில், நாலரைக்கு அலாரம் வைத்தவரை எழுப்பியது வெறும் இரைச்சல்தான், சில நேரம் அதுகூட இல்லை. இன்றும் டியூனர் நினைவை இழந்து அலைவரிசையின் தொடக்கத்துக்கே போய் நிற்பதுண்டு. ஆகவே தேர்வுக்கோ ரயிலுக்கோ போகிற நாளில் ரேடியோவை விட்டு பஸ்ஸரில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். பாட்டு மற்ற நாட்களுக்கு. குரல் வந்துசேரும் வழியும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய எஃப்.எம். ஒலி நிலையத்திலிருந்து கிளம்பிய உடனே காதுக்கு வரும். 1924 முதல் பிபிசி அனுப்பிவரும் ஆறு ‘பிப்’ ஒலிகளைக் கேட்டுக் கடிகாரம் வைக்க முடிந்தது அதனால்தான். அதே நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்பிலோ செல்போன் செயலியிலோ பல விநாடி தாமதித்து வருகிறது. நார்வே 2017-இல் தேசிய நிலையங்களை எஃப்.எம்-இலிருந்து எடுத்துவிட்டது; சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் அதையே செய்தது. அங்கெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தலைமாட்டுப் பெட்டிகள் ஒரே நாளில் பாதி ஊமையாயின. நம் நாட்டில் எஃப்.எம். இன்னும் விரிந்துகொண்டுதான் இருக்கிறது. நிமிடக் கணக்குக்கு அந்தச் சாட்சி தாராளமாகப் போதும், ஒரு நிலையத்தின் மேல் ஐயம் வந்தால் குமிழைத் திருப்பி இன்னொன்றைக் கேட்கலாம்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடி மீண்ட கடிகாரம் மணியை வைத்திருக்கட்டும், அலாரத்தையும் வைத்திருக்கட்டும். ஆனால் இடையில் மின்தொகுப்பின் துடிப்பை விட்டு வேறொன்றை எண்ணினேன் என்பதற்கு அடையாளமாக, முகப்பின் ஓரத்தில் ஒரு புள்ளியை மட்டும் மினுக்கவிட வேண்டும். யாராவது டைம் பொத்தானை அழுத்தி மணியைச் சரிபார்க்கும்வரை அது நிற்கக்கூடாது. சிப்பில் அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது, எரிகிற புள்ளியும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.