யார் சொன்னது?

தமிழகத்தின் முதல் குடைவரைக் கோயில் மண்டகப்பட்டு. விழுப்புரம் பக்கம் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வரி என் நோட்டிலும் ஏறியது. ஏறிய கையோடு அதன் எதிரே ஒரு கேள்விக்குறியும் விழுந்தது.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரலாறு எனக்குக் கல்லூரிப் பாடமாக வாய்க்கவில்லை. வேலை போக மிஞ்சிய நேரத்தில் நானாகப் படித்ததுதான். படித்தது மறந்துவிடக் கூடாது என்று, கடைகளில் வரவு செலவு எழுதும் நீள நோட்டு ஒன்றை வாங்கினேன். இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் ‘யார் சொன்னது?’ இடப்பக்கம் மளமளவென்று நிரம்பியது. வேலை வைத்ததெல்லாம் வலப்பக்கம்தான்.

எண்ணாயிரம் அதிகம் அலைக்கழிக்கவில்லை. விழுப்புரத்துக்கு வடக்கே உள்ள இந்த ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்தது என்று பல நூல்களில் வருகிறது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றில் அடிக்குறிப்பைப் பார்த்தால் ‘333/1917’ என்றிருக்கும். 1917ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறை படியெடுத்தவற்றில் 333ஆவது என்பது அதன் பொருள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் கல்வெட்டே பேசுகிறது. ரிக் வேதம் 75 பேர், யஜுர் வேதம் 75 பேர், ரூபாவதாரம் என்னும் இலக்கணம் 40 பேர் உட்பட இளநிலை மாணவர்கள் 270, மேல்நிலையில் 70. இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கத்தில் ‘கல்’ என்று எழுதினேன்.

இனி மண்டகப்பட்டு. விழுப்புரம்–செஞ்சி சாலையிலிருந்து சற்று விலகி நிற்கிறது அந்தப் பாறை. முகப்பில் இரண்டு தூண்கள், இரு ஓரங்களிலும் தண்டாயுதத்தோடு வாயிற்காவலர், பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றுமே இன்று வெறுமை. முகப்பில் உள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டு சமஸ்கிருதத்தில் சொல்வது இவ்வளவுதான்: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை ஆக்கினான், பெயர் இலக்ஷிதாயதனம். விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை.

ஆனால் ‘முதல்’ என்ற சொல் அந்தக் கல்லில் இல்லை. இத்தனை பொருளும் இல்லாமல் கட்டினேன் என்று ஒருவன் பெருமைப்பட்டால், அது அவனுடைய முதல் முயற்சியாகத்தான் இருக்கும் என்று அறிஞர்கள் ஊகித்தார்கள். நியாயமான ஊகம். மகேந்திரனின் முதல் குடைவரை என்று நிறுத்தியிருந்தால் வம்பில்லை. அது கைமாறிக் கைமாறித் தமிழகத்துக்கே முதல் என்றாகி, தேர்வுக் கையேட்டில் ஒரு மதிப்பெண் கேள்வியாக உட்கார்ந்துவிட்டது. பிள்ளையார்பட்டிக் குடைவரை மகேந்திரனுக்கும் முந்தையது என்று அதன் எழுத்தமைதியைக் காட்டிச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராயோ, கிருஷ்ணா நதிக்கரையில் உண்டவல்லிக் குடைவரைகளைப் பார்த்துத்தான் மகேந்திரன் இந்தக் கலையைத் தெற்கே கொண்டுவந்தான் என்று கருதினார். ஆக, இந்த வரிக்கு எதிரே ‘பாதி கல், பாதி ஊகம்’ என்று போட்டேன்.

திண்டிவனத்தில் கதை வேறு. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று ஊருக்குள்ளேயே இருக்கும் கிடங்கல்தான் என்பார்கள். இதற்கு மூலம் பாட்டு: 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை, பாடியவர் நல்லூர் நத்தத்தனார். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் முடிவு. ஓய்மாநாடு என்ற பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தொடர்வதால் பாட்டுக்குக் கல் பக்கத்துணையாக நிற்கிறது. ஆனால் கல் துணை நிற்பது நாட்டின் பெயருக்கு. யாழ் ஏந்திய பாணனுக்கு நல்லியக்கோடன் தந்த விருந்துக்கும் பரிசிலுக்கும் பாட்டு ஒன்றே சாட்சி. ‘பாட்டு; நாட்டின் பெயருக்குக் கல்’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போனேன்.

இப்படிச் செய்வதால் ஊர்ப்பெருமை குறைந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறையவில்லை. ‘முதல்’ என்ற பட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மலையைக் குடைந்துவிட்டு இன்னின்ன பொருள் இல்லாமலே செய்தேன் என்று எழுதி வைத்த அரசன் அங்கேயே நிற்கிறான். ஆதாரம் தெரிந்த பெருமையை யாரும் வாதாடிப் பறிக்க முடியாது.

தானாக வரலாறு படிக்கிறவருக்கு ஆசிரியர் கிடையாது. தவறைச் சுழிக்க ஆளில்லை. அந்த வேலையை வலப்பக்கம்தான் செய்ய வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி, ஏரியைப் பற்றி, கோட்டையைப் பற்றி நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு வரியை எழுதுங்கள். எதிரே யார் சொன்னது என்று எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால், உங்கள் தேடலுக்கு இடம் கிடைத்துவிட்டது.