நாலுக்கு இரண்டு எடுத்தால் கனேடியன்

1996ஆம் ஆண்டு ‘சார்ட்’ என்ற கனேடிய இசை இதழ், எல்லாக் காலத்துக்குமான சிறந்த கனேடிய ஆல்பம் எது என்று வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. முதலிடத்துக்கு வந்தது ஹாலிஃபாக்ஸ் நகரத்து ராக் குழுவான ஸ்லோனின் ‘ட்வைஸ் ரிமூவ்ட்’. ஆல்பத்துக்கு அப்போது வயது இரண்டு. நீல் யங், ஜோனி மிட்செல், லெனார்ட் கோஹன் எல்லோரும் பிறந்த நாட்டில் நடை பழகும் குழந்தைக்கு முடி சூட்டினார்கள். 2000இல் மறுபடியும் வாக்கெடுத்தார்கள். மிட்செலின் ‘ப்ளூ’ வென்றது. 2005இல் ஸ்லோன் திரும்பவும் மேலே ஏறியது. 2015இல் பொலாரிஸ் இசைப் பரிசுக்காரர்கள் கடந்த தசாப்தங்களுக்குப் பிந்தி மரியாதை செய்தபோது, தொண்ணூறுகளுக்கென்று எடுத்துவைத்ததும் இதே ஆல்பத்தைத்தான்.

தொண்ணூறுகள் முழுவதையும் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் கழித்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் ஸ்லோன் என்று சொன்னால், அது எந்த வீதி என்று கேட்பார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா நோக்கிய ஓட்டம் தொடங்கியது. 1986 ஆகஸ்டில் 150க்கும் மேற்பட்ட தமிழர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் தமிழ்க் கடைகளால் நிறைந்தது. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொன்று. அந்த நாட்டின் பாட்டு அவர்கள் காதில் பக்கவாட்டில்தான் விழுந்தது: உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கேறிய ரேடியோ, தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்குள் அமுங்கிய இன்னொரு ரேடியோ. எந்த நிலையம் என்பதைத் தலைமைச் சமையற்காரரோ மேற்பார்வையாளரோதான் தீர்மானிப்பார். பாடுபவரின் பெயர் தெரியாது. வரியும் முழுதாகப் புரியாது. மெட்டு மட்டும் தலைக்குள் ஏறி, இரவு பஸ்ஸில் வீடுவரை வரும். வீட்டில் ஒலித்தது இளையராஜா. கொஞ்ச நாளில் ரகுமான்.

ஆகவே அந்தத் தசாப்தத்தின் அடையாள ஆல்பங்களைத் தேர்ந்தெடுக்கப் புறப்படும் புலம்பெயர்ந்தவர் முதலில் ஒன்றை முடிவு செய்யவேண்டும்: எதைக் கொண்டு அளப்பது?

விற்பனையைக் கொண்டு அளந்தால் சண்டை குறைவு. அந்நாளில் கனடாவில் 10 லட்சம் பிரதி போனால் அதற்கு ‘டயமண்ட்’ என்று பெயர். அலனிஸ் மொரிசெட்டின் ‘ஜாகட் லிட்டில் பில்’ (1995), ஷனாயா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ (1997) இரண்டும் அந்த எல்லையை இரு மடங்கு தாண்டின. மூன்று கோடிப் பேர் மட்டுமே இருந்த நாட்டில் 20 லட்சம் என்பது ஏறக்குறைய பதினைந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கு. உலகம் முழுக்க முதலாவது 3 கோடியையும் இரண்டாவது 4 கோடியையும் கடந்தன.

மொரிசெட் ஒட்டாவாக்காரி. சிறுமியாகத் தொலைக்காட்சியில் நடித்து, பதின்ம வயதில் ஆட்டப் பாட்டு ஆல்பங்கள் இரண்டு போட்டு, கம்பெனி கைவிட்ட பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கே க்ளென் பாலார்ட் என்ற அமெரிக்கரோடு உட்கார்ந்து எழுதிய ஆல்பத்தை மடோனாவின் மேவரிக் நிறுவனம் வெளியிட்டது. 21 வயதில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. ஒரு பெண் பழைய காதலனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் குரல் வானொலியில் நாளுக்குப் பத்துத் தடவை வந்தது. பெண்பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்தாலே கதவைச் சாத்தும் வீடுகளில் அந்தக் குரல் பிள்ளைகளின் ஹெட்போனுக்குள் மட்டும் ஓடியது.

ட்வெய்னின் கதை தமிழருக்கு இன்னும் கிட்ட வரும். வட ஒன்ராறியோவின் டிமின்ஸ் என்ற சுரங்க ஊரில் வறுமையில் வளர்ந்தவர். சிறுமியாக மதுச்சாலைகளில் பாடியவர். 1987இல் தாயும் வளர்ப்புத் தந்தையும் கார் விபத்தில் இறக்க, தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஹன்ட்ஸ்வில் பக்கத்து ஓய்வு விடுதியில் இரவுக்கிரவு பாடி அவர்களை வளர்த்தார். நாஷ்வில், புகழ், கோடிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். சகோதரர்களைக் கரை சேர்த்துவிட்டுத் தன் வாழ்க்கையைத் தொடங்கும் அக்காமார் ஸ்காபரோவில் மாடிக்கு ஒருவர் இருந்தார்கள். அந்த அக்காமாருக்கு இவர் கதை தெரியாமலே போனது பெரிய கொடுமை.

செலின் டியோனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டைட்டானிக் படம் பார்த்த எல்லா மாமிகளுக்கும் அவரைத் தெரியும். ஆனால் கியூபெக்கில் கேட்டால் 1995இல் வந்த அவரது பிரெஞ்சு ஆல்பத்தைத்தான் சொல்வார்கள். எழுதியவர் பிரான்ஸின் ழான்-ழாக் கோல்ட்மன். பிரெஞ்சு மொழியில் உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அது. அதே ஆண்டு அக்டோபரில்தான் கியூபெக் தனிநாடாவதா என்று வாக்கெடுத்து, ஒரு சதவீத வித்தியாசத்தில் வேண்டாம் என்று முடிவானது. பட்டியல் போடுபவர் ஆங்கிலக் கனடாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அந்த வாக்கெடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் பிரதிநிதித்துவம் செய்கிறார்.

இடையில் ஒரு கள்ளம். அந்தத் தசாப்தத்துப் பிள்ளைகளின் அறையில் உண்மையாகவே இருந்த சீடி எது என்று தேடினால், பல வீடுகளில் ‘பிக் ஷைனி ட்யூன்ஸ் 2’ கிடைக்கும். மச்மியூசிக் தொலைக்காட்சி 1997இல் பலருடைய பாட்டுகளையும் ஒன்றாக்கி விட்ட தொகுப்பு, அதுவும் டயமண்ட். எந்த விமர்சகரும் அதைப் பட்டியலில் சேர்க்கமாட்டார். கலவை என்றால் அவர்களுக்கு ஆகாது.

அடுத்தது அரசாங்கத்தின் அளவுகோல். கனேடிய வானொலி நிலையங்கள் 1971 முதல் தம் பாட்டுகளில் 30 சதவீதத்தைக் கனேடியப் பாட்டுகளுக்கு ஒதுக்கவேண்டியிருந்தது. 1999இல் அது 35 ஆனது. எது கனேடியப் பாட்டு? அந்நாளில் நாலு புள்ளி இருந்தது: மெட்டுப் போட்டவர், பாடியவர், பதிவான இடம், வரி எழுதியவர். நாலுக்கு இரண்டு எடுத்தால் தேர்ச்சி. ஆட்களைச் சேர்ப்பதற்கும் இந்த நாடு 1967இலேயே படிப்பு, வயது, மொழி, தொழில் என்று புள்ளி போடத் தொடங்கியிருந்தது. பாட்டுக்கும் அதே வைத்தியம். படகிலும் போலிக் கடவுச்சீட்டிலும் வந்து அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அந்தப் பரீட்சையை எழுதாமலே உள்ளே வந்தவர்கள் என்பதால், இதில் ஒரு வேடிக்கை பார்க்கும் சந்தோஷம் அவர்களுக்கு இருக்கத்தான் செய்யும்.

1991இல் பாட்டுப் பரீட்சையில் தோற்றவர் பிரையன் ஆடம்ஸ். ஒன்ராறியோவின் கிங்ஸ்டனில் பிறந்த கனேடியர். அவரது ‘வேக்கிங் அப் த நெய்பர்ஸ்’ ஆல்பத்திலிருந்த ‘ராபின் ஹூட்’ படப் பாட்டு பிரிட்டனில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது. ஆனால் பாட்டுகளை மட் லாங் என்பவரோடு சேர்ந்து எழுதியிருந்தார். லாங் சாம்பியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். ஆகவே மெட்டுக்கும் வரிக்கும் புள்ளி இல்லை. பதிவும் முழுதாகக் கனடாவில் நடக்கவில்லை. மிஞ்சியது குரலுக்கான ஒற்றைப் புள்ளி. உலகமெல்லாம் கனேடியர் என்று அறிந்தவரை கனேடிய வானொலி ‘வெளிநாட்டுப் பாட்டு’ என்ற கணக்கில் போட்டது. ஆடம்ஸ் கொதித்தார், பத்திரிகைகள் சிரித்தன, பின்னர் விதியைத் திருத்தினார்கள்: வெளிநாட்டவரோடு சேர்ந்து எழுதினாலும் பாதிப் பங்கு கனேடியருடையதாக இருந்தால் தேறும். திருத்தத்தின் பலனை அனுபவித்தவர்களில் ஒருவர் ஷனாயா ட்வெய்ன். ‘கம் ஆன் ஓவர்’ பாட்டுகளை அவரோடு சேர்ந்து எழுதியவரும் அதே லாங்தான், அப்போது கணவர்.

லாஸ் ஏஞ்சலஸ், நாஷ்வில், பாரிஸ். தமிழர் ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய அதே ஆண்டுகளில் கனடாவின் பாடகர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். போய்ப் பெயர் எடுத்த பிறகு ஊர் மேளம் அடித்தது. வெளிநாட்டில் உத்தியோகம் கிடைத்த பிறகு மாப்பிள்ளையின் மதிப்பு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

போகாமல் நின்றவர்கள் த ட்ராஜிக்லி ஹிப். இவர்களும் கிங்ஸ்டன்காரர்கள். ‘ஃபுல்லி கம்ப்லீட்லி’ (1992) லண்டனில் பதிவானது, ஆனால் உள்ளே இருப்பது கனடாவின் வயிறும் குடலும். கனடாவில் டயமண்ட், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் ஆளைத் தெரியாது. இந்தக் கட்டுரை ஒரே ஒரு ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் இதைத்தான் எடுக்கும், பெரும்பாலான தமிழ் வீடுகளில் அது ஒருபோதும் ஒலித்திருக்காது என்று தெரிந்துகொண்டே.

காரணம் உள்ளே இருக்கும் கதைகள். ஒரு பாட்டு டேவிட் மில்கார்டைப் பற்றியது. செய்யாத கொலைக்காக 23 ஆண்டு சிறையில் இருந்து, அந்த ஆல்பம் வந்த ஆண்டில்தான் வெளியே வந்தவர். இன்னொன்று பில் பாரில்கோ என்ற ஹாக்கி வீரரைப் பற்றியது. ஷனாயாவின் அதே டிமின்ஸ் ஊரவர். 1951 ஏப்ரலில் மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்த கோல் அவருடையது. ஆகஸ்டில் மீன் பிடிக்கச் சிறு விமானத்தில் போனவர் திரும்பவில்லை. 11 ஆண்டு லீஃப்ஸ் கோப்பை வெல்லவில்லை. 1962இல் வென்றார்கள், அதே ஆண்டுதான் காட்டுக்குள் விமானமும் எலும்புகளும் அகப்பட்டன. கண்டுபிடிக்கும்வரை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தக் கனேடிய விமர்சகரும் காணாமற்போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத் தாய்க்கு விளக்கவேண்டியதில்லை. குடியுரிமைப் பரீட்சைக்காக மாகாணத் தலைநகரங்களை மனனம் செய்தவர்களுக்கு இந்த ஆல்பத்தைக் கொடுத்திருந்தால் நாட்டின் உட்பக்கம் கொஞ்சம் முன்னமே தெரிந்திருக்கும்.

குழுவின் பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று அறிவித்த பிறகு, 2016 ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி. பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. 1 கோடி 17 லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று கனேடியருக்கு ஒருவர். பிரதமர் அரங்கில் இருந்தார். பல தமிழர் இந்தக் குழுவின் பெயரை முதல்முதல் கேட்டது அன்றுதான். பிள்ளைகள் ஏன் அழுகிறார்கள் என்றும் கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு டயமண்ட் இருந்தது. பேர்நேக்கட் லேடீஸ் ஸ்காபரோப் பையன்கள். குழுவைத் தொடங்கிய எட் ராபர்ட்சனும் ஸ்டீவன் பேஜும் படித்தது வோபர்ன் உயர்பள்ளியில். பின்னாளில் அதே பள்ளியின் வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்தார்கள். நிர்வாணப் பெண்கள் என்று பொருள்படும் பெயரைப் பார்த்து ரொறன்ரோ நகரசபை 1991 முடிவில் புத்தாண்டுக் கச்சேரியிலிருந்து அவர்களை நீக்கியது. அந்த வம்பு போதும். சொந்தமாக அடித்த கசெட் பறந்தது. அடுத்த ஆண்டு ‘கோர்டன்’. பகிடியும் பாட்டும் கலந்த ஆல்பம். இன்று கேட்டால் கொஞ்சம் சலிக்கும்.

சலிக்காதது ராப். அங்கேதான் எல்லாப் பட்டியல்களும் தடுக்கி விழுகின்றன. ரொறன்ரோவில் கறுப்பின இசைக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று விண்ணப்பித்தவர்களுக்கு 1990இல் அலைவரிசை மறுக்கப்பட்டது. அது ஒரு கன்ட்ரி இசை நிலையத்துக்குப் போனது. கறுப்பின இசைக்கான ஃப்ளோ 93.5 ஒலிக்கத் தொடங்கியது 2001இல். இடையில் ஒரு தசாப்தம் முழுதாகப் போய்விட்டது. அந்த இடைவெளியில்தான் 1998இல் வான்கூவரின் ராஸ்கல்ஸ் குழு, ‘கேஷ் க்ராப்’ ஆல்பத்துக்குக் கிடைத்த ஜூனோ என்ற கனேடிய இசை விருதை வேண்டாம் என்றது. ராப் விருதைத் தொலைக்காட்சியில் காட்டாமல் முன்கூட்டியே ஓரமாகக் கொடுத்து முடித்ததுதான் காரணம். விழா நடந்தது அவர்கள் சொந்த ஊரில். அடுத்த ஆண்டு விருதும் மேடைக்கு வந்தது, அவர்களும் வந்து ‘நார்தர்ன் டச்’ பாடினார்கள். கூடப் பாடியவர்களில் ஸ்காபரோவின் சொக்லேரும் ஒருவர். விற்பனையில் ‘கேஷ் க்ராப்’ மொரிசெட்டுக்குக் கிட்டவும் வராது. வானொலி திறக்காத கதவுக்கு வெளியே நின்று விற்ற சரக்கை, உள்ளே விற்ற சரக்கோடு ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை. இரண்டாவது இடம் ‘கேஷ் க்ராப்’புக்கு.

இனி ரகுமான். 1992இல் வந்த ‘ரோஜா’ கசெட் ஸ்காபரோக் கடைகளில் மிளகாய்த்தூள் பொதிகளுக்குப் பக்கத்திலேயே விற்றது. அந்த நாட்டில், அந்தத் தசாப்தத்தில், ஒரு நகரத்தின் கணிசமான பகுதி கேட்டுத் தேய்த்த ஆல்பம் அது. அரசாங்கப் பரீட்சையில் நாலுக்குப் பூச்சியம். ஆனால் நகரசபைகளுக்கு வேறு கணக்கு. கிங்ஸ்டனில் ட்ராஜிக்லி ஹிப் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. டிமின்ஸில் ஷனாயா ட்வெய்ன் பெயரில் ஒன்று; அவருக்கென்று 2001இல் திறந்த காட்சியகத்தை மட்டும் 2013இல் மூடி, இடித்து, தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்காபரோவில் காலூன்றிய தமிழர் பெரிய வீடு வாங்கி நகர்ந்த மார்க்கம் நகரில் ரகுமான் பெயரிலும் ஒரு தெரு உண்டு. அப்படியானால் மூன்றாம் இடத்தை ‘ரோஜா’வுக்குக் கொடுக்கலாம். கொடுத்தால், 1994க்குப் பிறகு ஸ்காபரோ மண்டபங்களில் சாமத்தியவீட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஆடித் தீர்த்தவர்கள், ‘காதலன்’ எங்கே என்று சண்டைக்கு வருவார்கள்.