கண் திறக்காத கணிப்பொறி

விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணிப்பொறிக்கு வரும் நோய்களில் இதுவே மிகவும் பொல்லாதது என்பது எங்கள் கருத்து. ஒன்றுமே ஓடாவிட்டால் மின்சாரம் வரவில்லை என்று முடிவு கட்டலாம். சற்று ஓடி நின்றுவிட்டால் சூடேறுகிறதா என்று தேடலாம். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் ஒன்றும் நடவாவிட்டால் எங்கே கை வைப்பது?

கடந்த ஆகஸ்டு மாதம் எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுவே. நாங்கள் என்றால் பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் அக்காள் தங்கை இருவர். எங்கள் அம்மா வீட்டிலிருந்தபடி தட்டச்சு வேலை செய்கிறார்கள். கல்லூரி மாணவர்களின் ஆய்வேடு, பங்கு ஆலயத்தின் திருவிழா அழைப்பிதழ், வழக்கறிஞர்களின் பத்திரம் என்று பக்கக் கணக்கில் கூலி வரும். பழைய கணிப்பொறி ஜூன் மாதத்தில் நின்றுபோனது. அதன்பின் அம்மா அடுத்த தெருவில் ஒரு கடையில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, இரவு ஒன்பது மணிவரை அங்கேயே இருந்து அடித்துவிட்டு வந்தார்கள். கூலியில் பாதி வாடகைக்கே போயிற்று. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சீட்டை எடுத்து, 30,000 ரூபாயை எங்கள் கையில் கொடுத்தார்கள்.

சென்னையில் இருக்கும் மாமா ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களை எல்லாம் ஒரே கடையில் வாங்கிப் பேருந்தில் அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை ரசீது, சனிக்கிழமை பார்சல் வந்துவிட்டது. குறை இருந்தால் ஏழு நாளுக்குள் பொருள் கடைக்கு வந்து சேரவேண்டும் என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து உட்கார்ந்தோம். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து மாலைக்குள் பூட்டி முடித்தோம். அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் எவரும் செய்யக்கூடியதே. பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறோம். கணிப்பொறிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் அது நேரே வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. செயலி இருக்கிறதா, ராம் எனப்படும் நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுப் பார்க்கும். 1981-இல் வந்த ஐபிஎம் தனியாள் கணிப்பொறியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. எல்லாம் சரி என்றால் ஒரு முறை ‘பீப்’ என்று குரல் கொடுக்கும். கோளாறு என்றால் குரலின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். இக்காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தச் சிறு ஒலிபெருக்கியை வைப்பதில்லை. சில தாய்ப்பலகைகளில் அதற்குப் பதிலாக நான்கு பொட்டு விளக்குகள் இருக்கின்றன. சோதனை எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். மதர்போர்டு என்று சொன்னால் எங்கள் தோழியர் மதர் சுப்பீரியரை நினைத்துச் சிரிக்கிறார்கள். ஆகவே தாய்ப்பலகை என்றே எழுதுகிறோம்.

எங்கள் பலகையில் எரிந்தது செயலிக்குரிய விளக்கு. செயலிதான் பழுது என்று உடனே சொல்லிவிடலாமா? முடியாது. மருத்துவர் தலைவலி என்றவுடன் தலையை அறுப்பதில்லை அல்லவா? செயலிக்கு மின்சாரம் வராவிட்டாலும் அதே விளக்கு எரியும். நினைவகத் துண்டு சரியாக உட்காராவிட்டாலும் சில பலகைகள் தடுமாறும். எனவே வெளியிலிருந்து உள்ளே போவது என்று முடிவு செய்தோம்.

மானிட்டரைத் தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டியோடு இணைத்தோம். நன்றாகப் படம் காட்டியது. ஆகவே மானிட்டரும் கம்பியும் குற்றமற்றவை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து பலகைக்கு இரண்டு இணைப்புகள் போகின்றன. ஒன்று 24 முனை கொண்டது. மற்றொன்று செயலிக்கென்றே உள்ள 8 முனை கொண்டது. இரண்டையும் பிடுங்கி, ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை மீண்டும் அழுத்தினோம். நினைவகத் துண்டு இரண்டு. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தோம். பிறகு மற்றதை மட்டும். பிறகு இடம் மாற்றி. விளக்கு அப்படியே எரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பொருத்தினோம். பழைய அமைப்புகள் மறந்துபோக இது வழி.

திங்கள் இரவு பலகையைப் பெட்டியிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்தோம். பெட்டியின் தகரம் எங்காவது உரசி மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் கணிப்பொறி கண் திறக்காது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே இது. வெளியே எடுத்த பலகையில் பொத்தான் கிடையாது. அதற்குரிய இரண்டு ஊசிகளையும் திருப்புளியின் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும், ஓடத் தொடங்கும். தொட்டோம். விசிறி சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினோம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமற் போகும். எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று அறிவியல் செய்முறை ஏட்டில் எழுதுவதுபோல் ஒரு நோட்டில் இரண்டு பத்திகளில் எழுதி வந்தோம். வலப்பத்தி முழுவதும் ‘மாற்றம் இல்லை’, ‘மாற்றம் இல்லை’ என்றே நிறைந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். நாங்கள் பாதி சொல்வதற்குள், “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? அவங்ககிட்ட போனைக் குடுங்க” என்றார் கடைக்காரர். நாங்களே பேசுகிறோம் என்றோம். “அப்ப பின்னை வளைச்சிருப்பீங்க. பின் வளைஞ்சா ரிட்டர்ன் கிடையாது” என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. எங்களுடையது ஏஎம்4 என்னும் வகைப் பொருத்துவாய். அதில் உட்காரும் செயலியின் அடியில் தலைமுடி போன்ற 1331 ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வம்பு. சொன்னவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே! செயலியின் மேலிருக்கும் குளிர்விப்பானைக் கழற்றினோம். பசை காய்ந்து பிடித்திருக்கும்போது நேரே இழுத்தால் செயலியும் ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகையால் போத்தல் மூடியைத் திறப்பதுபோல் மெல்ல இருபுறமும் திருகி எடுக்கவேண்டும். தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியால் வரிசை வரிசையாகப் பார்த்தோம். வயலில் நட்ட நாற்றுப்போல் அத்தனையும் நேராக நின்றன. புதுப்பசை தடவி மீண்டும் பொருத்தினோம்.

புதன்கிழமை நோட்டோடு எங்கள் கணிப்பொறி வகுப்பு சிஸ்டரிடம் போனோம். சிஸ்டர் இரு பத்திகளையும் நிதானமாகப் படித்துவிட்டு, எங்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னார்கள். 1946-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் எனியாக் என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓர் அறையையே அடைத்துக்கொண்ட அந்த இயந்திரத்தில், பழைய வானொலிப் பெட்டியில் இருந்தவை போன்ற வால்வுகள் ஏறத்தாழ 18,000 இருந்தன. அதற்கு ஆணைகள் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். முதலில் இயந்திரத்தின் அருகே போகக்கூட அனுமதி இல்லாமல், வரைபடங்களைக் கொண்டே அதைக் கற்றார்கள். பிற்பாடு கோளாறு நேர்ந்தால் எந்த வால்வு பழுது என்பதுவரை கண்டுபிடிக்கும் திறமை அவர்களுக்கு வந்துவிட்டது. அறிவிப்பு நாளன்று நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. அவர்களில் கே மெக்நல்டி, ஃபிரான் பைலஸ் என்ற இருவரும் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்திய செஸ்ட்நட் ஹில் கல்லூரியில் 1942-இல் கணிதப் பட்டம் பெற்றவர்கள். சிஸ்டர் இதைச் சொல்லும்போது குரலில் சற்றுப் பெருமை தெரிந்தது. எங்களுக்கும் தெம்பு வந்தது.

“பாகங்கள் எல்லாம் நல்லவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்லவர்கள் இருவருக்குள் ஒத்துப்போகாமல் இருக்கலாம் அல்லவா?” என்று கேட்டுவிட்டு, பலகையை உருவாக்கிய நிறுவனம் வெளியிட்டிருக்கும் பொருத்தப் பட்டியலை மூன்று தாள்களில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். எந்தச் செயலி இப்பலகைக்குப் பொருந்தும் என்ற பட்டியல் அது. எங்கள் செயலியின் பெயர் அதில் இருந்தது! பொருந்தும் என்றுதானே போட்டிருக்கிறது என்று சோர்ந்துபோனோம்.

அன்றிரவு அந்தத் தாள்களை எடுத்தவர்கள் அம்மா. அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி, கையில் பென்சிலோடு, மெய்ப்பு பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எங்கள் செயலியின் வரியில் கடைசிக் கட்டத்தில் சிறிய எழுத்தில் ஒரு பதிப்பு எண் இருந்தது. “இது என்ன எண்?” என்றார்கள். பயாஸ் பதிப்பு என்றோம். “பலகையில் ஒட்டியிருக்கிற சீட்டில் வேறு எண் அல்லவா போட்டிருக்கிறது?” என்றார்கள்.

விளக்கைக் கொண்டுவந்து பார்த்தோம். பலகையின் மூலையில் நகத்தளவு வெள்ளைச் சீட்டு. அதிலிருந்த எண் பட்டியலில் இருந்ததைவிடப் பழையது.

எல்லாம் விளங்கிவிட்டது. ஏஎம்4 பொருத்துவாயின் சிறப்பே அதன் நீண்ட ஆயுள்தான். 2017-இல் வந்த செயலியும் 2020-க்குப் பின் வந்த செயலியும் அதே 1331 துளைகளில் உட்காரும். ஆனால் உட்காருவது வேறு, அடையாளம் தெரிவது வேறு. பலகையில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் பயாஸ் என்ற ஆணைத் தொகுப்பில் அந்தச் செயலியைப் பற்றிய விவரம் இருக்கவேண்டும். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியையின் வருகைப் பதிவேடோ சென்ற ஆண்டினுடையது. அவள் பெயரை எப்படிக் கூப்பிடுவார்கள்? கடையில் நெடுநாள் கிடந்த பலகையையும் பிற்காலத்துச் செயலியையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை, பதிவேட்டைப் புதுப்பித்தால் போதும்.

அதிலே ஓர் ஆபத்து இருந்தது. பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பலகை பாழாகலாம் என்று கையேடு எச்சரித்தது. வெள்ளிக்குள் கடையில் சேர வேண்டுமானால் வியாழன் இரவுப் பேருந்தில் பார்சல் ஏற வேண்டும். நாங்கள் கைவைத்துக் கெட்டுவிட்டால், ‘பின்னை வளைச்சிருப்பீங்க’ என்றவர் திரும்ப வாங்குவாரா? போதாக்குறைக்கு வியாழன் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். சும்மா திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் தோன்றியது. அம்மா இரு எண்களையும் மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். “எழுத்துப்பிழை தெரிந்துவிட்டது. திருத்தாமல் அனுப்ப எனக்கு மனசில்லை. காலையில் செய்யுங்கள்” என்றார்கள்.

மாடி வீட்டு அக்காவின் மடிக்கணினியில் புதுப் பதிப்பை இறக்கி, கையேடு சொன்ன பெயரை இட்டுப் பென் டிரைவில் ஏற்றினோம். வியாழன் காலை ஐந்து மணி. எங்கள் பலகையின் பின்புறம் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. செயலிக்கு அடையாளம் தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும். இரண்டு மின் இணைப்புகளை மட்டும் கொடுத்து, குறித்த துளையில் பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினோம். பக்கத்தில் ஒரு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. இளையவள் அருள் நிறைந்த மந்திரம் சொல்லத் தொடங்கி எண்ணிக்கையைத் தவறவிட்டாள். மூத்தவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே ஆயிற்று. சிமிட்டல் நின்றது.

மானிட்டரை இணைத்து ஓடவிட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. நினைவக விளக்கு எரிந்தது. கணிப்பொறி தானே நின்று தானே மறுபடி ஓடியது. புதிய நினைவகத்தை முதன்முறை பழகிக்கொள்ளும்போது அப்படித்தான் செய்யும் என்று படித்திருந்தோம். ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. எங்கள் செயலியின் பெயரை முழுதாக, ஓர் எழுத்துப் பிசகாமல் காட்டியது.

ஏழரை மணிக்குள் மற்றவற்றையும் நிறுவித் தமிழ் விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினோம். ஒன்பது மணிக்கு மின்சாரம் நிற்பதற்குள் ஆய்வேட்டில் நான்கு பக்கம் அடித்துவிட்டதாக மாலையில் அம்மா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். அதே சரக்கில் இன்னும் நான்கு பலகை கையில் இருப்பதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்து, எந்தத் துளையில் செருகினோம், கோப்புக்கு என்ன பெயர் இட்டோம் என்று கேட்டார். சொன்னோம். “மெதுவா சொல்லும்மா, எழுதிக்கிறேன்” என்றார்.