எத்தனை க்ளிக் இறுக்கலாம்?

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர். பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும்தான். வாங்கிய ஸ்பிரிங் அதோடு நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே ஆயில், ஆயிலுக்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். பிஸ்டன் நகரும்போது ஆயில் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாகி வெளியேறிவிடுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் பணிமனையில் இருந்தவன் நான். மோசமான ரோட்டில் ஓடி வந்த வண்டியின் ஷாக் அப்சார்பரில் அந்தச் சூட்டைக் கையால் தொட்டே பார்த்திருக்கிறேன்.

அட்ஜஸ்டபிள் வகையில் ஒரு திருகு கூடுதலாக இருக்கும். அதைத் திருப்பினால் ஆயில் போகும் வழி குறுகும் அல்லது விரியும். சில மாடல்களில் விரியும்போது உள்ள தடை மட்டும் மாறும். சிலவற்றில் அமுங்கும்போதும் விரியும்போதும் சேர்ந்தே மாறும். விலை கூடியவற்றில் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். இது புதிய யோசனையும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஹார்ட்ஃபோர்டு வகையில் ஆயிலே கிடையாது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். நடு போல்ட்டை இறுக்கினால் உரசல் கூடும், அவ்வளவுதான்.

கோவையில் இருக்கும் மாப்பிள்ளை போன வருடம் தன் காருக்கு இப்படி ஒரு செட் வாங்கிப் போட்டார். மொத்தம் 24 க்ளிக். நான்கு சக்கரத்திலும் கடைசி வரை இறுக்கிவிட்டார். "இப்பதான் மாமா வண்டி ரோட்டைப் பிடிச்சு ஓடுது" என்றார். அந்தச் சமயம் என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். பரிசோதனைக்கு அந்தக் காரில்தான் போய் வந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் மேல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "வலிக்குதுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க, ஆசையா போட்டிருக்கார்" என்றாள்.

வலியைப் பற்றி நான் பேசவில்லை, ரோட்டுப் பிடிப்பைப் பற்றித்தான் பேசினேன். வழவழப்பான ரோட்டில் இறுக்கம் உதவும், வளைவில் வண்டி மெதுவாகச் சாயும். ஆனால் கடைசியில் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும்தான் முடிவு செய்கின்றன. குண்டும் குழியுமான ரோட்டிலோ, அதிகம் இறுக்கினால் சக்கரம் மேட்டில் துள்ளும். பள்ளத்தில் சட்டென்று இறங்கவும் முடியாது. ரோட்டைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "நீங்களே வெச்சுப் பாருங்க மாமா" என்றார்.

நான்கிலும் 12 க்ளிக் தளர்த்தி, அதே தெருவில், அதே வேகத்தில், அதே வேகத்தடை மேல் விட்டோம். முன்பக்கம் சுகமாக இருந்தது. பின்பக்கம் இரண்டு தரம் குதித்தது. பின்னால் மட்டும் இரண்டு க்ளிக் இறுக்கினோம். ஒரே மூச்சில் ஏறி இறங்கி அடங்கியது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது என் மனைவி கைப்பிடியைத் தேடவில்லை. பாதி வழியில் தூங்கியும் போனாள்.

உங்கள் வண்டியிலும் இந்த வகை இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இடதும் வலதும் ஒரே எண்ணில் இருக்கட்டும். திருகு நின்ற இடத்துக்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். எண்ணைத் தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். ஆயில் கசிந்தால் மட்டும் திருகைத் தொட்டுப் பயனில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.