அப்பாவுக்குக் கேட்கும் பம்பை

சேலம் - நாமக்கல் தனியார் பஸ்ஸில் டிக்கெட்டோடு பாட்டும் சேர்த்தி. ராசிபுரம் வருவதற்குள் நாலு இளையராஜா, ஒரு தேவா உறுதி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போனால் பம்பை. எனக்கு எல்லாமே பிடிக்கும். இந்தப் பாட்டுப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்தாலே, 1950-ல் அவர்கள் எடுத்த 'மந்திரி குமாரி'க்கு ஜி.ராமநாதன் போட்ட மெட்டுகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

ஆனால், முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தம் கேட்ட காது அது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் தினமும் எட்டு மணி நேரம் என்று வருஷக்கணக்கில் இருந்தால், உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் செத்துப்போகும், திரும்ப முளைக்காது. முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். புல்லாங்குழல் மேலே ஏறும் இடமெல்லாம் இப்போது அவருக்கு மௌனம்.

"பம்பை மட்டும் நல்லா கேக்குது கண்ணு. நெஞ்சுலயே அடிக்குதே!" என்கிறார்.

இயர்போன் சத்தத்தை நான் பாதிக்கு மேல் வைப்பதில்லை. இன்னமும் தறி ஓட்டும் சித்தப்பாவுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவருக்காவது புல்லாங்குழல் மிச்சம் இருக்கட்டும்.