கடைசி சில அடிகள்... கோனா சாலை சொல்லும் கதை!

ஹவாய் என்றதும் தென்னை மரம், வெள்ளை மணல், நீலக்கடல் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு, கோனா விமான நிலையத்தில் இறங்கியதுமே முதல் ஆச்சரியம் காத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கறுப்புக் கல். 1801-ல் ஹுவாலாலாய் எரிமலை கக்கிய நெருப்புக் குழம்பு, கடல்வரை ஓடிவந்து உறைந்துபோன பாறை அது. விமான நிலையமே அந்தப் பாறையின் மேல்தான் நிற்கிறது.

அங்கிருந்து ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைக்கு ராணி காஹுமானுவின் பெயர். ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த மன்னர் முதலாம் கமேஹமேஹாவின் மனைவி அவர். சாலையோரக் கரும்பாறைகளின் மேல் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் தெரிகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால், கடற்கரையிலிருந்து பொறுக்கிவந்து அடுக்கிய பவளக் கற்கள். காதலர்களின் பெயர்கள், வாழ்த்துகள், இறந்துபோனவர்களின் நினைவுகள் என்று பெயின்ட் இல்லாமலே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் மாதத்தில் இந்தச் சாலைக்கு வேறொரு முகம். அயர்ன்மேன் டிரையத்லான் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் சாலை இது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறிய கையோடு 180 கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், சுமார் 17 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. வேலைக்குப் போவதற்கு முன் விடிகாலையில் நீந்தி, ஞாயிற்றுக்கிழமைகளை சைக்கிளுக்குக் கொடுத்துத் தயாரானவர்கள்.

ஒரு வாக்குவாதத்தில் பிறந்த போட்டி

இதன் தொடக்கம் கோனாவில் அல்ல, ஹவாயின் இன்னொரு தீவான ஓவாஹுவில். நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் மூவரில் யாருக்கு உடல் உறுதி அதிகம் என்று நண்பர்களுக்குள் ஒரு பேச்சு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று நீண்ட தூரப் போட்டிகளை ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 ஆண்கள் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் ஆயின. அடுத்த ஆண்டு லின் லமேர் என்ற பெண் கலந்துகொண்டு, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். 1981-ல் போட்டி, ஹவாயின் பெரிய தீவிலுள்ள இந்தக் கோனாவுக்கு இடம் மாறியது.

கடலும் காற்றும் கறுப்புப் பாறையும்

போட்டி நாளன்று, பொழுது புலரும் முன்பே கைலுவா படகுத்துறையில் கூட்டம் சேர்ந்துவிடும். கடல்நீர் தெளிவானது. நீந்துகிறவர்களுக்குக் கீழே வண்ண மீன்கள் போவது தெரியும். அந்த நாளில் கருணையான பகுதி அது ஒன்றுதான்.

சைக்கிள் பாதை, தீவின் வடமுனையிலுள்ள ஹாவி என்ற சிற்றூர்வரை போய்த் திரும்புகிறது. நெடுந்தூரத்துக்கு ஒரு மர நிழல்கூடக் கிடையாது. கரும்பாறை வெயிலைக் குடித்துவிட்டு அனலாகத் திருப்பித் தரும். போதாக்குறைக்கு, மலைகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்துவரும் காற்று. ‘முமுகு’ என்று அதற்கு உள்ளூரில் பெயரே வைத்திருக்கிறார்கள். சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் அளவுக்கு வீசும்.

அதற்குப் பிறகு ஓட்டம். அலீ டிரைவ் என்ற கடற்கரைச் சாலையில் ஆலமரங்களும் காபிக் கடைகளும் கைதட்டும் ஜனங்களும் துணைக்கு இருப்பார்கள். மறுபடி நெடுஞ்சாலைக்கு ஏறிவிட்டால் துணை குறைந்துவிடும். நம் தசைகளிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை சில மணி நேரங்களுக்குத்தான் வரும். வழியில் சாப்பிட்டும் குடித்தும் அதை ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டும். கணக்கு தப்பினால் கால்கள் பேச்சைக் கேட்காது, மூளையும் மங்கிவிடும்.

1982: தவழ்ந்து வந்த மாணவி

அப்படிக் கணக்கு தப்பிய ஒருவரால்தான் இந்த ஊர் உலகத்துக்குத் தெரியவந்தது. 1982 பிப்ரவரியில் இங்கே வந்த ஜூலி மாஸுக்கு வயது 23. கலிஃபோர்னியாவில் உடலியங்கியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. பட்டப்படிப்பின் ஆய்வுக் கட்டுரைக்காகத் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பெயர் கொடுத்திருந்தார். ஜெயிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால், மாரத்தான் ஓட்டத்தில் பார்த்தால், பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தது அவர்தான்!

எல்லைக்கோடு நெருங்க நெருங்க உடம்பு கைவிட்டது. கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார். நடந்தார். மறுபடியும் விழுந்தார். தன் உடம்பே தன் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை. அத்தனை பேர் முன்னிலையில், தொலைக்காட்சி கேமரா வெளிச்சத்தில் அது நடந்தது. தூக்கிவிட வந்தவர்களைத் தடுத்தார். யாராவது கைகொடுத்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்களே!

கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது மறுபடியும் விழுந்தார். அந்த நேரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி என்ற இன்னோர் இளம்பெண் அவரைக் கடந்து ஓடினார். தான் முந்தியது முதலிடத்தில் இருந்தவரை என்பதுகூட கேத்லீனுக்கு அப்போது தெரியவில்லை.

ஜூலி அங்கேயே படுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் பரிசுதான் போய்விட்டதே. ஆனால் அவர் கைகளை ஊன்றினார், முழங்கால்களை ஊன்றினார். குழந்தை மாதிரி தவழ்ந்து போய், கோட்டின் மேல் கையை வைத்தார். முதலாவதாக வந்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் 29 விநாடிகள்.

ஏபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியதும் அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. ஜெயித்த பெண்ணைவிட, தவழ்ந்த பெண்ணைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் மார்க் ஆலன் என்ற இளைஞரும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் கோனாவுக்கு வந்தார். அந்த முறை சைக்கிள் பழுதாகிப் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. ஆனால், பின்னாளில் ஆறு முறை இங்கே பட்டம் வென்றார். ஜூலியைத் திருமணமும் செய்துகொண்டார். பிற்காலத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்றாலும், ஜூலி கோனாவை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் போட்டியாளராக இதே சாலைக்குத் திரும்பி வந்தார்.

நள்ளிரவுக் கைதட்டல்

அதனால்தானோ என்னவோ, இந்தப் போட்டியில் பார்க்க வேண்டிய நேரம், ஜெயித்தவர் வரும் மதியம் அல்ல, நள்ளிரவு. முதல் ஆள் முடித்து எட்டு ஒன்பது மணி நேரம் ஆன பிறகும் அலீ டிரைவில் கூட்டம் கலையாது. அன்று பட்டம் வென்றவரே குளித்து, சாப்பிட்டு, கடைசி ஆட்களை வரவேற்கத் திரும்பி வருவது இங்கே வழக்கம். இருட்டிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்குள் ஓர் உருவம் நொண்டிக்கொண்டு வரும். யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால், சொந்த வீட்டுப் பிள்ளை வருவதுபோல் ஊரே கூச்சல் போடும். நேரம் முடிந்து அரை நிமிடம் கழித்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பட்டியலில் இடம் கிடையாது. கைதட்டல் மட்டும் குறைவதில்லை.

1978-ல் ஒரு பெண்கூட இல்லாமல் தொடங்கிய போட்டி இது. 2023 அக்டோபரில் முதன்முறையாகப் பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் சாம்பியன்ஷிப் கோனாவில் நடந்தது. 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கைலுவா விரிகுடாவில் இறங்கினார்கள். ஒரு காலத்தில் ஒரு மாணவி கையூன்றித் தவழ்ந்த ஊரில், அன்று இரவு வரிசையாகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

போட்டிக்கு மறுநாள் காலையில் கோனாவில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். காபிக் கடைப் படிகளில் சிலர் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். தொடை வலி, நேராக இறங்க முடியாது. எதிரே வருகிற உள்ளூர்க்காரர்கள் எத்தனையாவது இடம் என்று கேட்பதில்லை. ஒதுங்கி நின்று, வழிவிட்டு, புன்னகைக்கிறார்கள்.